ஒரே ஒரு ப்ரீஆம்ப்தான் வாங்க முடியும்: அக்கா குரலுக்கும் உறுமிக்கும் சேர்த்து எது?

#1 செந்தூல்_பையன்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூல்ல அடுக்குமாடி வீடு, பின்னாடி ரூம் பத்துக்குப் பதினோரு அடி. அதுதான் நம்ம ஸ்டூடியோ. இருக்கிற சாமான்: மைக்கைக் கம்ப்யூட்டரோட சேர்க்கிற ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் (பேர் சொல்லல, எல்லார் வீட்டிலயும் இருக்கிறதுதான்), ரோட் என்டி1-ஏ (கண்டென்சர் மைக், கரண்ட் குடுத்தாதான் வேலை செய்யும்), ஷூர் எஸ்எம்57 (டைனமிக் மைக், கரண்ட் வேணாம்), ஒரு பேஸ் கிட்டார்.

பிரச்சினை மூணு. அக்கா தேவாரம் பாடினா வரிக்கும் வரிக்கும் நடுவுல 'ஸ்ஸ்ஸ்'னு கேக்குது. போன வாரம் தைப்பூசப் பாட்டுக்கு உறுமி மேளம் செட் ஒண்ணு வந்தாங்க, கெய்ன் குமிழ் (சிக்னலை ஏத்துறது) பூச்சியத்துல இருந்தும் சிவப்பு விளக்கு எரியுது, கேட்டா கரகரன்னு இருக்கு. பேஸ் கிட்டார் மந்தமா உயிரே இல்லாம வருது.

நல்ல ப்ரீஆம்ப் (மைக்கோட சின்ன சிக்னலைப் பெருசாக்கிற பெட்டி) ஒண்ணு வாங்கினா மூணும் போயிடும்னு சொல்றாங்க. சேர்த்து வெச்சது 2,500 வெள்ளி (ரிங்கிட்). ஒண்ணுதான் வாங்க முடியும். குரல், உறுமி, நாதஸ்வரம், பேஸ் எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி எது?

#2 கிள்ளான்_பீட்ஸ்

1073 (நீவ் கம்பெனியோட பழைய ப்ரீஆம்ப்) ஸ்டைல்ல ஏதாவது வாங்குலா, யோசிக்கவே வேணாம். கோல்டன் ஏஜ் ப்ரீ-73 உன் பட்ஜெட்ல வரும். நான் ராப் வோக்கல் எல்லாம் அதுலதான் எடுக்கிறேன். குரலுக்கு ஒரு சதை வரும் பாரு, இன்டர்ஃபேஸ்ல எடுத்தது எலும்புக்கூடு மாதிரி தெரியும் அப்புறம்.

#3 பழைய_டேப்

தம்பி, காசை இரண்டு நாள் பையிலேயே வைத்திரு. ஸ்பூல் டேப் ஓடிய காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். நீ சொன்ன மூன்று நோய்க்கும் ஒரே மருந்து என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் 'ஸ்ஸ்ஸ்'. அது இன்டர்ஃபேஸுக்குள் இருக்கிற ப்ரீஆம்பிலிருந்து வருகிறதா, அறையிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளிகூட ஆகாத சோதனை இருக்கிறது. புடுவில் ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக் (மூன்று பின் மைக் பிளக்) ஒன்றும் வாங்கு. ரெசிஸ்டரை 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையில் சால்டர் செய். மைக்கைக் கழற்றிவிட்டு, அந்த பிளக்கை மைக் கேபிளின் முனையில் செருகு. ஃபான்டம், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகிற மின்சாரம், அணைந்திருக்கட்டும். கெய்னை முழுதாக ஏற்றி பத்து விநாடி பதிவு செய். அந்த ரெசிஸ்டர் மைக்கின் மின்தடையை ஒத்தது, ஆனால் அதற்குக் காது கிடையாது. அப்போது நீ கேட்பது ப்ரீஆம்பின் இரைச்சல் மட்டும்தான்.

பிறகு அதே கெய்னில் மைக்கை மாட்டி, யாரும் பேசாமல், ஏர்கோன் போட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை எடு. மீட்டர் காட்டுகிற மூன்று அளவையும் இங்கே எழுது.

பேஸ் பற்றி ஒரு கேள்வி. கேபிளை இன்டர்ஃபேஸில் செருகும்போது 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டனை அழுத்தினாயா?

#4 செந்தூல்_பையன்

இன்ஸ்ட் பட்டனா? அது எதுக்குன்னே தெரியாது அண்ணே. இப்பதான் அழுத்திப் பார்த்தேன்.

சரி. பேஸ் பிரச்சினைய லிஸ்ட்லருந்து எடுத்துடுங்க. வெக்கமா இருக்கு.

#5 பழைய_டேப்

வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னிடம் சம்பளம் வாங்கியவர்களே செய்த தவறு அது. பாஸிவ் பிக்கப்புக்கு (கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற, பேட்டரி இல்லாத காந்தச் சுருள்) மெகா ஓம் கணக்கில் உள்ளீட்டு மின்தடை வேண்டும். பட்டனை அழுத்தாவிட்டால் அது லைன் இன்புட், ஏற்கெனவே பெருக்கிய சிக்னலுக்கான வாசல். அங்கே சில பத்தாயிரம் ஓம்தான். பிக்கப்பால் அந்தச் சுமையை இழுக்க முடியாது. மேல் அலைவரிசை எல்லாம் செத்துவிடும்.

#6 தண்ணீர்மலை_குரல்

பினாங்கிலிருந்து. விளம்பரத்துக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் வீட்டிலிருந்தே குரல் கொடுக்கிறேன். எனக்கும் இதே 'ஸ்ஸ்ஸ்' இருந்தது. இரண்டு ப்ரீஆம்ப் மாற்றினேன், போகவில்லை. கடைசியில் அலமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, ஏர்கோனை அணைத்துவிட்டுப் பேசினேன். போய்விட்டது. வியர்வை சொட்டச் சொட்டத்தான் பேசுகிறேன், அது வேறு கதை.

#7 செந்தூல்_பையன்

ஜாலான் பாசார் போய்ட்டு வந்தேன் அண்ணே. சோதனை பண்ணியாச்சு. கெய்ன் ஃபுல்.

ரெசிஸ்டர்: மைனஸ் 81
என்டி1-ஏ, ஏர்கோன் ஆன்: மைனஸ் 41
என்டி1-ஏ, ஏர்கோன் ஆஃப், ஜன்னல் மூடி: மைனஸ் 49

ரெண்டு தரம் எடுத்துப் பார்த்தேன், மாறல. அப்படின்னா ப்ரீஆம்ப் சத்தம் ரூம் சத்தத்துக்கு 40 டெசிபல் கீழயா?

#8 பழைய_டேப்

அதேதான். உன் இன்டர்ஃபேஸில் இருக்கிற ப்ரீஆம்ப் சுத்தமாகத்தான் இருக்கிறது. உன் கையேட்டில் 'ஈஐஎன்' என்று ஓர் எண் இருக்கும், மைனஸ் 128 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்கிற அளவு) என்று போட்டிருப்பான் என்று நினைக்கிறேன். அதாவது உள்ளீட்டுப் பக்கத்தில் கணக்கிட்ட இரைச்சல். 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சும்மா இருந்தாலே, சூட்டினால் மட்டும் மைனஸ் 131 டிபியு அளவுக்கு இரைச்சல் போடும். இயற்கை போட்ட கோடு அது. பத்தாயிரம் வெள்ளிக்கு ப்ரீஆம்ப் வாங்கினாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே போக முடியாது. ஆகவே நீ காசு கொடுத்து வாங்கக்கூடிய அமைதி மொத்தமே மூன்று டெசிபல்தான்.

இன்னொரு கணக்கு. என்டி1-ஏ சத்தத்துக்கு மிகவும் கூர்மையான மைக். 94 டெசிபல் ஒலிக்கு 25 மில்லிவோல்ட் தரும். அதன் சொந்த இரைச்சல் 5 டெசிபல், மிகக் குறைவு. அதுவே உன் ப்ரீஆம்பின் வாசலுக்கு வரும்போது மைனஸ் 119 டிபியு பக்கம் இருக்கும். ப்ரீஆம்பின் இரைச்சல் அதற்கும் 9 டெசிபல் கீழே. கண்டென்சர் மைக்கை வைத்துக்கொண்டு ப்ரீஆம்ப் மாற்றி 'ஸ்ஸ்ஸ்'ஸைப் போக்கப் பார்ப்பது, கூரை ஒழுகுகிற வீட்டில் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது போல.

#9 கிள்ளான்_பீட்ஸ்

அண்ணே கணக்கெல்லாம் சரிதான். ஆனா ப்ரீஆம்ப் வாங்கிறது இரைச்சலுக்காக மட்டும் இல்லையே. சவுண்டுக்காக.

#10 பழைய_டேப்

வருகிறேன், அவசரப்படாதே. உறுமியை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

தம்பி, மைக்கை உறுமிக்கு எவ்வளவு தூரத்தில் வைத்தாய்?

#11 செந்தூல்_பையன்

ஒரு அடி இருக்கும். அஞ்சு பேர் ரூமுக்குள்ள. காது அடைச்சுப் போச்சு.

#12 பழைய_டேப்

ஒரு அடியில் தோல் வாத்தியத்தின் உச்சம் 130 டெசிபல் தாண்டுவது சாதாரணம். 94-க்கு 25 மில்லிவோல்ட் தருகிற மைக் 130-க்கு ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தரும். அது மைக் மட்டமே இல்லை, ஏறக்குறைய லைன் மட்டம். இந்த வகை இன்டர்ஃபேஸின் மைக் இன்புட் தாங்குவது 9 டிபியு, அதாவது இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 130-க்கு மேல் இன்னும் மூன்று டெசிபல் ஏறினாலே அதைத் தாண்டிவிடும். மைக் 137 டெசிபல் வரை தாங்கும், அதனால் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. வாசலில்தான் நெரிசல். கெய்னைப் பூச்சியத்தில் வைத்தாலும் வாசலின் அகலம் மாறாது.

இதற்கு மருந்து 20 டெசிபல் பேட். கேபிளுக்கு நடுவில் மாட்டுகிற சின்னக் குழாய், சிக்னலை அந்த அளவுக்குக் குறைத்து அனுப்பும். ஃபான்டத்தை விடுகிற ரகமா என்று கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் கண்டென்சர் மைக் ஊமையாகிவிடும். அல்லது எஸ்எம்57 போடு. என்டி 25 மில்லிவோல்ட் தருகிற 94 டெசிபலுக்கு அது 1.6 மில்லிவோல்ட்தான் தரும், நெரிசலே வராது.

#13 பட்டர்வர்த்_தவில்

தவில்காரன் ஒருத்தன் பேசறேன். அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. மேடையில எங்களுக்குக் கிடைக்கிற மைக் எல்லாம் டைனமிக்தான், அதனால இந்தக் கரகரப்பு மேடையில வராது. வீட்டுல ரெக்கார்டிங் பண்றப்பதான் வரும்.

உறுமியில இன்னொரு சங்கதி இருக்கு தம்பி. ஒரு முகத்துல தட்டுற சத்தம் பெருசு. இன்னொரு முகத்துல வளைஞ்ச குச்சியால தேய்க்கிறப்ப வர்ற 'ம்ம்ம்ம்'தான் உறுமியோட உசுரு, அது தட்டுற சத்தத்துல பாதிகூட இருக்காது. தட்டுக்குப் பார்த்து கெய்ன் வெச்சா உறுமல் காணாமப் போயிடும். ரெண்டு முகத்துக்கும் ரெண்டு மைக் வை. தேய்க்கிற பக்கம் என்டி, தட்டுற பக்கம் 57. அப்புறம் லோ-கட் பட்டனை (அடித்தொனியை வெட்டுறது) தொடாத. உறுமல் வழுக்கிக்கிட்டு கீழ போறதே அந்த இடத்துலதான், அதை வெட்டிட்டா என்ன மிச்சம்?

நானே கேக்கணும்னு இருந்தேன். என்கிட்ட ஒரு ரிப்பன் மைக் (உள்ள மெல்லிசா ஒரு உலோகத் தகடு அதிரும்) இருக்கு, நாதஸ்வரத்துக்கு வாங்கினது. சீவாளியோட அந்தக் கூர்மையை அழகா மழுக்கிடும், கேக்கவே சுகம். ஆனா என் மிக்ஸர்ல மாட்டினா சத்தமும் பத்தல, உடம்பும் இல்ல. இதுக்கு ப்ரீஆம்ப் உதவுமா?

#14 பழைய_டேப்

உதவும். இந்த இழையில் ப்ரீஆம்ப் வாங்க நியாயமான காரணம் முதன்முதலாக இப்போதுதான் வருகிறது.

ரிப்பனுக்கு இரண்டு வேண்டும். ஒன்று, தாராளமான கெய்ன். நாதஸ்வரம் உரத்த வாத்தியம், அதற்குக் குறைவாகவே போதும். அதே ரிப்பனை வீணைக்கோ மெல்லிய குரலுக்கோ வைத்தால் 65, 70 டெசிபல் கெய்ன் தேவைப்படும். இரண்டு, உள்ளீட்டு மின்தடை. மாடியில் தண்ணீர் அழுத்தம் குறைந்த வீட்டில் ஒரு குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் நன்றாக வரும், முழுதாகத் திறந்தால் அழுத்தம் விழுந்துவிடும் அல்லவா? மைக்கும் அப்படித்தான். ப்ரீஆம்பின் மின்தடை குறைவாக இருந்தால் மைக்கிடமிருந்து அதிகம் இழுக்கும், மைக்கின் அழுத்தம் விழும். ரிப்பனில் அடித்தொனிதான் முதலில் பாதிக்கும், ஏனென்றால் அங்கேதான் அதன் மின்தடை மலை போல் ஏறி நிற்கும். நீங்கள் உடம்பு இல்லை என்கிறீர்களே, அது இதுவாக இருக்கலாம்.

வழக்கமான விதி, மைக்கின் மின்தடையைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு.

ரிப்பன் வைத்திருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. ஃபான்டம் 48 வோல்ட். கேபிள் ஒழுங்காக இருந்தால் இரண்டு பின்னிலும் ஒரே அளவு இருக்கும், ரிப்பன் வழியாக ஒன்றும் ஓடாது. கேபிளில் ஒரு கம்பி விட்டுப் போயிருந்தாலோ, ஃபான்டம் எரியும்போது செருகி எடுத்தாலோ அந்த மெல்லிய தகடு இழுபட்டுத் தொய்ந்துவிடும். எனக்கு ஒன்று போயிருக்கிறது. சத்தமே இல்லாமல் போனது.

#15 கிள்ளான்_பீட்ஸ்

இப்ப சவுண்டுக்கு வரலாமா?

#16 பழைய_டேப்

வா.

1073-ஐ ரூபர்ட் நீவ் கம்பெனி 1970-இல் கொண்டுவந்தது. உள்ளே போகும்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியே வரும்போது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கெய்னை ஏற்றி அவுட்புட்டைக் குறைத்தால் அந்த இரும்பு நிறைந்து வழியும். நீ சொல்கிற சதை அதுதான். அதே நீவ் 1985-இல் ஃபோக்கஸ்ரைட்டைத் தொடங்கினார். லண்டன் ஏர் ஸ்டூடியோஸில் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் நீவ் மேசைக்குக் கூடுதல் சேனல் வேண்டும் என்று கேட்டபோது பிறந்த ப்ரீஆம்ப்தான் ஐஎஸ்ஏ 110. அதிலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஆனால் குணம் வேறு: திறந்த, தெளிவான சத்தம். ஒரே மனிதர், பதினைந்து வருட இடைவெளி, இரண்டு பிள்ளைகள். ஆள் வேறு வேறு என்று நினைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்தத் தம்பிக்கு ஒன்றுதான் வாங்க முடியும். அவன் ஒரு நாள் தேவாரம் எடுப்பான், ஒரு நாள் உறுமி, ஒரு நாள் பேஸ். நிறம் பிறகு கம்ப்யூட்டரில் பிளக்-இன் மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம், பதிவில் ஏறிய நிறத்தைக் கழுவ முடியாது. ஆகவே சுத்தமானது முதலில்.

#17 கிள்ளான்_பீட்ஸ்

இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே. பாடுறவன் ஹெட்ஃபோன்ல என்ன கேக்கிறானோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் பாடுவான். என் ஆளுங்களுக்கு ஹெட்ஃபோன்ல அந்தத் தடிச்ச சவுண்ட் குடுத்தா மைக்கை விட்டு விலகி நின்னு தைரியமா கத்துவாங்க. மெலிசா குடுத்தா கிட்ட வந்து முணுமுணுப்பாங்க. பிளக்-இன் அப்புறம் போடலாம், அந்த டேக்கை, அப்படிப் பாடினதை, அப்புறம் போட முடியுமா?

#18 பழைய_டேப்

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நீ சொல்வது உண்மை.

#19 தண்ணீர்மலை_குரல்

இரண்டு பேரும் சொன்னதைக் காதால் பார்த்துவிடலாமே. கிள்ளானிடம் ப்ரீ-73 இருக்கிறது. அண்ணனிடம் ஏதாவது சுத்தமானது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சேர்ந்து மாட்டிப் பாருங்கள். சத்த அளவை மட்டும் மீட்டர் வைத்துச் சமன் செய்யுங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காது அதைத்தான் 'நல்ல சவுண்ட்' என்று சொல்லும், நான் அப்படி ஏமாந்துதான் முதல் ப்ரீஆம்பை வாங்கினேன்.

இன்னொன்று. அறைச் சத்தத்துக்கு டைனமிக் மைக் போடு என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்பு தம்பி. டைனமிக் மைக்குக்கு அறையை வடிகட்டும் மந்திரம் எதுவும் இல்லை. அதைக் கிட்ட வைத்துப் பேசுவதால் அறை சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். உன் என்டியையும் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வா, மூச்சுக் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கிற பாப் ஃபில்டர் போடு. ஒரு முழத்திலிருந்து ஒரு சாணுக்கு வந்தாலே, அதாவது பாதித் தூரம், குரல் அறையை விட 6 டெசிபல் ஏறிவிடும். இலவசம்.

#20 செந்தூல்_பையன்

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. கிள்ளான் அண்ணன் ப்ரீ-73, டேப் அண்ணன் ஐஎஸ்ஏ ஒன் (அந்த ஐஎஸ்ஏ 110 வம்சம்). மாமாக் கடைலருந்து தே தாரிக் (டீதான்) ஆறு பாக்கெட் தாப்பாவ் (பார்சல்). அக்காவ ரெண்டு தரம் ஒரே மாதிரி பாட வைக்க முடியாதுன்னு, அவங்க பாடினதை ஸ்பீக்கர்ல விட்டு, முன்னாடி 57 வெச்சு, ரெண்டுலயும் மாத்தி மாத்தி எடுத்தோம். அளவை சமன் பண்ணி, பேரை மறைச்சு, பத்து தரம் கேட்டேன்.

கெய்ன் சாதாரணமா இருக்கிறப்ப பத்துல ஆறு சரியாச் சொன்னேன். காசு சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும்! கிள்ளான் அண்ணன் ஏழு. டேப் அண்ணன் கேக்கவே மாட்டேன்னு தே குடிச்சுக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் ப்ரீ-73ல கெய்னை நல்லா ஏத்தி அவுட்புட்டைக் குறைச்சு உறுமி சாம்பிள் விட்டோம். அப்ப யாருக்கும் சந்தேகமே இல்ல. தட்டு ஒவ்வொண்ணும் உருண்டையா, கனமா விழுது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. ஆனா தேவாரத்துக்கு அதே மாதிரி ஏத்தினா அக்கா மூஞ்சி போன போக்கைப் பார்க்கணும்.

ஐஎஸ்ஏல எனக்குப் பிடிச்சது வேற. மின்தடைய நாலு அளவுல மாத்தலாம், 600 ஓம்லருந்து 6,800 வரைக்கும். 57 ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் வேற ஆளு மாதிரி பேசுது. ஒரே பெட்டியில நாலு குணம். கெய்ன் மொத்தம் 80 டெசிபல், தனியா ஒரு டிஐ (கிட்டாரை நேரா செருகுற வாசல்). குரலும் பேஸும் ஒரே நேரத்துல எடுக்கலாம்.

#21 கிள்ளான்_பீட்ஸ்

ஏழு சொன்னேன்லா. ஏழு.

ஆனா தம்பி தேவைக்கு ஐஎஸ்ஏதான் சரி, ஒத்துக்கிறேன். உறுமிக்கு வேணும்னா என்னோடதை இரவல் தர்றேன், அடாப்டரோட பத்திரமாத் திருப்பிக் குடு.

#22 பழைய_டேப்

புதிதாக வாங்காதே. இந்த மாதிரிச் சாமானில் தேய்கிறதுக்கு அதிகம் ஒன்றுமில்லை. பழையதாகப் பார், பட்ஜெட்டில் மிச்சம் வருவதை அறைக்குக் கனமான திரையாகவும் பேடாகவும் மாற்று. வாங்கும்போது ஃபான்டம் போட்டு, ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பார், குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா கேள். நம் ஈரக் காற்றில் ஸ்விட்சுகள்தான் முதலில் துரு பிடிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் சுவரில் செருக வேண்டும். 115-க்கு வைத்ததை நம் 230-இல் செருகிப் புகை பார்த்தவர்கள் உண்டு.

#23 செந்தூல்_பையன்

வாங்கியாச்சு! பழைய ஐஎஸ்ஏ ஒன், 1,750 வெள்ளி. பேட் ஒண்ணும் வாங்கினேன்.

ஆனா அண்ணே, மாட்டினதும் முன்ன இருந்ததை விட இரைச்சல் ஜாஸ்தி. லேசாப் பேசினாலே சிவப்பு. ஏமாந்துட்டேனோன்னு பயமா இருக்கு.

#24 பழைய_டேப்

ஐஎஸ்ஏவின் பின்பக்கத்திலிருந்து இன்டர்ஃபேஸுக்கு எந்தக் கேபிள் போகிறது? எக்ஸ்எல்ஆரா?

#25 செந்தூல்_பையன்

ஆமா அண்ணே.

#26 பழைய_டேப்

அப்படியானால் ஒரு ப்ரீஆம்பின் தலையில் இன்னொரு ப்ரீஆம்பை உட்கார வைத்திருக்கிறாய். இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் வாசல் மைக்குக்கு மட்டும். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறு முனை மூன்று தொடர்புள்ள (டிஆர்எஸ்) கால் அங்குல பிளக் இருக்கிற கேபிள் வாங்கி, அதே துளையின் நடுவில் செருகு. அப்போது லைன் இன்புட்டுக்குப் போகும். இன்ஸ்ட் பட்டனை அணை, நீ இப்போது அதன் ரசிகன் ஆகியிருப்பாய். இன்டர்ஃபேஸ் ஃபான்டத்தையும் அணை. இன்டர்ஃபேஸ் கெய்ன் அடியில் இருக்கட்டும், வேலையெல்லாம் ஐஎஸ்ஏ செய்யட்டும்.

#27 செந்தூல்_பையன்

சரியாயிடுச்சு.

நேத்து அக்காவை எடுத்தேன். ஏர்கோன் ஆஃப், கதவுல ரெண்டு போர்வை, மைக் ஒரு சாண் தூரம், விடிகாலை அஞ்சு மணி. அஞ்சே முக்காலுக்கு சூராவ்ல (தொழுகைக் கூடம்) பாங்கு ஆரம்பிக்கிறதுக்குள்ள ரெண்டு பதிகம் முடிச்சுட்டோம். வரிக்கு நடுவுல மூச்சு வாங்கிறது மட்டும்தான் கேக்குது. இதுல ப்ரீஆம்ப் பங்கு எவ்வளவு, போர்வை பங்கு எவ்வளவுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியும்.

உறுமி செட் அடுத்த சனிக்கிழமை திரும்ப வர்றாங்க. தட்டுற பக்கம் 57 கிள்ளான் அண்ணன் ப்ரீ-73ல, தேய்க்கிற பக்கம் என்டி பேடோட ஐஎஸ்ஏல. லோ-கட் தொட மாட்டேன்.

#28 பட்டர்வர்த்_தவில்

அடுத்த மாசம் கே.எல். பக்கம் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கு தம்பி. ரிப்பனை எடுத்துக்கிட்டு வரட்டுமா? 6,800 ஓம்ல நாதஸ்வரம் எப்படி இருக்குன்னு கேட்டே ஆகணும்.

#29 செந்தூல்_பையன்

வாங்கண்ணே. ஃபான்டம் பட்டன் மேல இப்பவே டேப் ஒட்டி வெச்சிட்டேன்.